ஈரம் தேடி வந்த பூச்சி

கழுத்தைச் சுற்றிக் கெட்டியான லேஸ் வைத்த வெள்ளைச் சட்டை ஒன்று எனக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் போடுவது. நான் இரண்டாம் வகுப்பில் இருந்த வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு காலையில், சித்தி அந்தச் சட்டையை என் தலைவழியாக மாட்டிவிட்டாள். லேஸ் கழுத்தில் பட்டதும் நான் துள்ளினேன். சித்தி காலரை விலக்கிப் பார்த்தாள். காதுக்குக் கீழிருந்து தோளை நோக்கிச் சாய்வாக ஒரு சிவந்த கோடு இருந்தது. பழுக்கக் காய்ச்சிய கரண்டிக் காம்பை வைத்து இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதன் மேல் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள். “இது எப்பம் வந்தது பிள்ளே?” என்று கேட்டாள். முந்தின நாள் லேசாக எரிந்ததைத் தவிர எனக்கு எதுவும் நினைவில்லை. தெரியாது என்பதை “அறிஞ்சூடா” என்று அவளுடைய பேச்சிலேயே சொன்னேன். வழக்கமாக நான் அப்படிப் பேசினால் அவள் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தடவி, லேஸ் உரசாமல் இருக்கட்டும் என்று காலரின் கொக்கியைப் போடாமல் விட்டு, என்னை வேதக்கோயிலுக்கு அழைத்துப் போனாள். அந்தக் கொக்கியைப் போட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று அப்பா பின்னால் ஒரு தடவை சொன்னார். சித்தி எழுந்து போய்விட்டாள்.

எங்கள் வீடு பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. அப்பா அரசுப் பேருந்தில் ஓட்டுநர். வெளியூர் வண்டி என்பதால் ஒரு நாள் போனால் மறுநாள்தான் வருவார். என்னைப் பெற்ற அம்மை மஞ்சள்காமாலையில் இறந்தபோது எனக்குச் சரியாகப் பேச்சு வந்திருக்கவில்லை. அதன்பின் பெரும்பாலும் என்னை வளர்த்தது நாகர்கோவிலில் இருந்த பெரியம்மைதான். அம்மையின் ஒரே அக்காள். நான் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் அப்பா என்னை ஊருக்குக் கூட்டி வந்தார். அடுத்த ஆவணியில் அருமனையிலிருந்து சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். பெரியம்மை கல்யாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டதாகச் சொல்வார்கள்.

சித்தி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவள். தண்ணீரை வெள்ளம் என்பாள். வேண்டாம் என்பதை ஆண்டாம் என்பாள். கிணற்றடியில் நின்று அவள் பேசினால் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மாவட்டம் ஒன்றுதான், பஸ்ஸில் போனால் அரை நாள்கூட ஆகாத தூரம்தான். ஆனாலும் அவர்களுக்கு அவள் வேறு சீமையிலிருந்து வந்தவள். எனக்கு அவளை முதல் நாளே பிடித்துவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழவில்லை. அதுவரை என்னைப் பார்த்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். இவள் என் தலையை முகர்ந்து பார்த்து, “பேன் உண்டு கேட்டியா, நாளைக்கு எடுத்துப் போடலாம்” என்றாள்.

கல்யாணத்துக்காக அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்து, பின்னறையில் புதிதாக ஒரு டியூப்லைட் மாட்டியிருந்தார். விளக்குக்குக் கீழே வயலைப் பார்த்த ஜன்னல், ஜன்னலை ஒட்டி என் கட்டில். ஜன்னலுக்கு வெளியே சுவரைத் தொட்டுக்கொண்டு வைக்கோல் படப்பு நின்றது. பக்கத்தில் குளிக்கிற இடம். அங்கிருந்து வரும் தண்ணீர் போக வழியில்லாமல் வாழை மூட்டில் எப்போதும் தேங்கிக் கிடக்கும். அதன் மேல் மட்கிய ஓலையும் மட்டையும். கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து வயலும் வெறுமையாகி இருந்தது. இதையெல்லாம் அன்றைக்கு யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். சித்தி வந்தாள், பிள்ளையின் உடம்பில் சூடு வைத்த தடம் வந்தது.

முதலில் பார்த்தது ஓய்வுநாள் பள்ளி டீச்சர். கோயிலின் பக்கவாசலுக்கு என்னைத் தனியாக அழைத்துப் போய், சித்தி அடிப்பாளா என்று கேட்டார். இல்லை என்றேன். சூடு வைத்தாளா என்றார். இல்லை என்றேன். என் கன்னத்தைத் தடவி, பையில் இருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். கேட்டதற்கு உண்மையைச் சொன்ன பிறகும் ஒருவர் ஏன் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் முழங்காலுக்குப் பின்னால், மடிப்புக்கு மேலும் கீழுமாக, இன்னொரு தடம் வந்தது. அதற்கடுத்து முதுகில் ஒன்று. சித்தி கஞ்சித் தண்ணீர் ஊற்றினாள், மஞ்சள் அரைத்துப் போட்டாள், கடையில் வாங்கிய களிம்பைத் தடவினாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் வந்து என் சட்டைக் கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கும் சித்தியிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

செய்தி நாகர்கோவிலுக்குப் போக அதிக நாள் ஆகவில்லை. ஒரு மத்தியானம் பெரியம்மை வந்து இறங்கினாள். அப்பா வீட்டில் இல்லை. என்னை நடுவீட்டில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஆரு மக்கா செஞ்சா இது?”

“ஆரும் செய்யல்ல பெரியம்மை. தானா வந்தது.”

“தானா வருமா சூட்டுத் தழும்பு?”

“சித்தி ஒண்ணும் செய்யல்ல.”

பெரியம்மை என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்தாளா?”

நான் வேகமாகத் தலையை ஆட்டினேன். வேகமாக ஆட்டியதே தப்பாகிவிட்டது. பெரியம்மை அப்படியே என்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சித்தி அடுக்களை வாசலில் தேயிலைத் தம்ளரோடு நின்றிருந்தாள். “அக்கா, எனக்கும் அறிஞ்சூடா. நான் சோப்பும் எண்ணெயும் மாத்திப் பாத்தேன்...” என்று அவள் தொடங்கியபோது, பெரியம்மை அவள் பக்கம் திரும்பாமலே, “நீ பேசாத” என்றாள். என் துணிகளைத் தானே எடுத்து ஒரு பையில் திணித்தாள். வாசலைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். சித்தி தம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

பெரியம்மை கெட்டவள் இல்லை. இதை எழுதும்போது அவளை அப்படிக் காட்டிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. தங்கையை மண்ணில் வைத்துவிட்டு, தங்கையின் பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தவள் அவள். சின்ன வயதில் தன் தெருவில் ஒரு மாற்றாந்தாய் ஒரு பிள்ளையை என்ன பாடு படுத்தினாள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவள் கண்ட தழும்புக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான். நாகர்கோவில் வடசேரியில் அவள் வீடு மாடியில் இருந்தது. காற்றும் வெயிலும் வரும். மண்ணோ மரமோ பக்கத்தில் கிடையாது. அங்கே போன பிறகு என் உடம்பில் புதிதாக ஒரு தடமும் வரவில்லை. பழையவை காய்ந்து கறுத்தன. தினமும் குளிப்பாட்டும்போது பெரியம்மை என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பாத்தியா, இங்க ஒண்ணும் வரல்லியே” என்பாள். அவள் சொல்வது சரியாகவே இருந்தது. அங்கே ஒன்றும் வரவில்லைதான். சித்தி எதுவும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேறு வார்த்தைகள் என்னிடம் இல்லை. சொன்ன ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு எதிராகவே திரும்பியது. கொஞ்ச நாளில் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். பிள்ளை இப்போதுதான் பயம் தெளிந்து அமைதியாகியிருக்கிறது என்று பெரியம்மை வந்தவர்களிடம் சொன்னாள்.

வீட்டில் நடந்ததை நான் வளர்ந்த பிறகு சித்தியே சொன்னாள். நான் போன மறுநாள் அப்பா வண்டியிலிருந்து வந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். கடைசியில், “நீ ஒண்ணும் செய்யல்லியே?” என்று கேட்டார். “ஊரு கேட்டதுக்கு எனக்கு வெசனம் இல்ல மக்களே. அவியளும் கேட்டாங்க” என்று அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னாள் சித்தி. அதைச் சொல்லும்போதும் அவள் முகம் மாறவில்லை. கையில் இருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

அப்பா வண்டிக்குப் போன நாட்களில் அவள் என் கட்டிலில் படுத்துக்கொண்டாள். அதில் என் வாசனை இருந்ததாம். ஒரு நாள் காலையில் அவள் முழங்கை மடிப்பில் எரிச்சல் எடுத்தது. மறுநாள் பார்த்தால், மடிப்புக்கு மேலே ஒரு தடம், கீழே அதே அளவில் ஒரு தடம். கையை மடக்கினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. எனக்கு முழங்காலுக்குப் பின்னால் வந்ததுபோலவே. சித்தி சந்தோஷப்பட்டாள். கை எரிய எரிய, முகத்தைக் கழுவி, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு வந்தாள்.

நான் உள்ளறையில் இருந்தேன். வாசலில் அவள் குரல் கேட்டது. “அக்கா, இங்க பாருங்க, எனக்கும் வந்திருக்கு. பிள்ளைக்கு வந்தது இதுதான்.” எனக்கு ஓடிப் போக வேண்டும்போல இருந்தது. பெரியம்மை நிதானமாக, “உனக்கு நீயே சூடு வச்சுக்கிட்டு வந்திருக்கியா?” என்று கேட்டாள். அதன்பின் படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போவது கேட்டது.

அப்பாவுக்கு அது உறைத்தது என்று நினைக்கிறேன். அந்த வாரமே சித்தியைப் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் முழங்கையைப் பார்த்த உடனே, வீட்டுக்குப் பக்கத்தில் வயல் இருக்கிறதா, படுக்கிற இடத்தில் டியூப்லைட் எரிகிறதா என்று கேட்டார். ஒரு பூச்சியைப் பற்றிச் சொன்னார். எறும்பு மாதிரி மெலிந்து, ஒரு கண்ணி சிவப்பும் ஒரு கண்ணி கறுப்புமாக, வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடும். கடிக்காது, கொட்டாது. உடம்பில் வைத்து நசுக்கிவிட்டால் அதனுள் இருக்கிற நீர் தோலைச் சுட்டுவிடும். சுட்டது அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் சிவந்து பொங்கும். அதனால்தான் யாரும் பூச்சியைச் சந்தேகிப்பதில்லை. ஈரமான மண், அழுகிய இலை, வயல் இதெல்லாம் அதற்குப் பிடித்த இடம். அறுவடை முடிந்தால் வெளிச்சம் தெரிகிற வீட்டுக்கு வரும். டாக்டர் சொல்லச் சொல்ல அப்பாவுக்கு அந்தப் பூச்சி நினைவுக்கு வந்துவிட்டது. களை பறிக்கிற பெண்கள் காலில் ஏறினால் தட்டிவிட்டுப் போவார்கள். ஊரில் எல்லோரும் பார்த்த பூச்சிதான். அதற்கு யாரும் ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை.

பெரியம்மை அதையும் நம்பவில்லை. “அவ சொன்னதக் கேட்டு டாக்டரு சொல்லியிருப்பாரு” என்றாள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்பா வந்து பிடிவாதமாக நின்றபோது, அவளால் என்னை வைத்துக்கொள்ள முடியவில்லை. பஸ் ஏறும் இடத்தில் அப்பாவிடம் சொன்னாள். “இனி ஒரு கோடு இவ மேல கண்டா நான் போலீசுக்குப் போவேன். பெறவு பிள்ளை எனக்குத்தான்.” அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அவர் எளிதாகச் சொல்லிவிட்டு வண்டி ஓட்டப் போய்விடலாம். வயலோரத்து வீட்டில், மழைக்காலத்தில், நெல்மணி அளவுகூட இல்லாத ஒரு பூச்சி என்மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவள் சித்திதான்.

முதலில் அவள் விஷத்தைத்தான் நம்பினாள். கடையில் வெள்ளைப் பொடி வாங்கி வந்து ஜன்னல் விளிம்பிலும் சுவரோரத்திலும் கட்டில் காலைச் சுற்றியும் கோலம் போடுவதுபோலப் போட்டாள். பூச்சிகள் செத்து விழுந்தன. மறுநாள் புதியவை வந்தன. எனக்கு இருமல் பிடித்தது. அவளுக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் கடிந்துகொண்டார். உள்ளே பொடி போட்டு என்ன பயன், வெளியே ஈரம் கிடக்கும்வரை அது வந்துகொண்டுதான் இருக்கும் என்றார். சித்தி வீடு முழுக்கக் கழுவித் துடைத்தாள். பிறகு வீட்டுக்கு வெளியே இறங்கினாள்.

வைக்கோல் படப்பைப் பிரித்து முற்றத்தின் மறு கோடிக்கு மாற்றினாள். மட்கிய ஓலைகளை வாரி வெயிலில் காயப்போட்டு எரித்தாள். குளிக்கிற இடத்திலிருந்து சாலொன்று வெட்டி, தண்ணீரைத் தள்ளியிருந்த தென்னை மூட்டுக்குத் திருப்பினாள். வாழைக் கன்றுகளைப் பிடுங்கி அப்பால் நட்டு, பள்ளத்தில் செம்மண் கொட்டி மிதித்து நிரப்பினாள். ஜன்னலுக்குக் கீழே சுவரில் பச்சையாகப் படர்ந்திருந்த பாசியைச் சுரண்டி எடுத்தாள். வெடிப்புகளை அப்பா சிமெண்ட் வைத்துப் பூசினார். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். பின்னறை டியூப்லைட்டைக் கழற்றி கிணற்றடித் தூணில் மாட்டினார்கள். பூச்சிகள் வெளிச்சத்துக்கு அங்கே போகட்டும், வீட்டுக்குள் மஞ்சள் பல்பு போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலி ஓரத்தில் அவள் புல் செதுக்குவதைப் பார்த்த பக்கத்து வயல்காரர், “இந்தப் பூச்சி வயலுக்கு நல்லதாக்கும். பயிரக் கெடுக்கிற புகையானத் திங்கும்” என்றார். “வயல்ல இருந்து தின்னட்டும் அண்ணாச்சி. நான் ஆண்டாம்னு சொல்லல்லியே” என்றாள் சித்தி, நிமிராமல்.

அந்த வேலைகளைவிட எனக்கு மறக்க முடியாதது அவள் என்னைப் பார்த்த விதம். அந்தி சாயும்போது விரிப்பை உதறி, தலையணையைத் தட்டி, கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்துப் போட்டு, கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுவாள். காலையில் எழுந்ததும் என்னைக் குளிப்பாட்டும் சாக்கில் கழுத்து, காது மடல், கைமடிப்பு என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பாள். நாகர்கோவிலில் பெரியம்மையும் இதேபோலத்தான் பார்த்தாள். ஒருத்தி சித்தியின் குற்றத்தைத் தேடினாள், இன்னொருத்தி அது இல்லை என்று தேடினாள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைத் தொட்டால்கூட நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வேன். கையில் பூச்சி ஊர்ந்தால் அசையாமல் நிற்கப் பழகியிருந்தேன். “அடிக்காண்டாம் பிள்ளே, ஊதி விடு” என்று அவள் சொல்லியிருந்தாள். மற்றப் பிள்ளைகள் கொசுவை அடிக்கும்போது நான் ஊதிக்கொண்டிருப்பேன்.

அந்த மழைக்காலம் ஒரு தடமும் இல்லாமல் கழிந்தது. கோடை கழிந்தது. மறுபடி கன்னிப்பூ அறுவடை முடிந்தது. ஒரு சாயங்காலம் தெருவில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். டியூப்லைட்டுக்கு நேர் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பாட்டு நடந்துகொண்டிருந்தபோது என் கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. நான் அசையாமல் இருந்தேன். ஊதினால் கன்னத்தில் இருப்பது போகாது. சித்தியைப் பார்த்தேன். அவள் கையை உயர்த்துவதற்குள் பக்கத்தில் இருந்த பெண், “ஐயோ, பிள்ள முகத்துல பூச்சி” என்று அன்பாகத் தன் உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

சித்தி பாட்டு முடியும்வரை காத்திருக்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடி கழுவினாள். தோல் சிவக்கும் என்று பயந்து நிறுத்தினாள். கன்னம் பளிங்குபோல இருந்தது. எனக்கு எரிச்சல்கூட இல்லை. ஆனால் வரப்போவது அவளுக்குத் தெரியும். அப்பா வண்டியில் இருந்தார். தூணில் எரிந்த டியூப்லைட்டின் கீழே குனிந்து நின்று அவள் எதையோ தேடுவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். காலையில் அவள் பையில் மூடிபோட்ட ஒரு மருந்துக் குப்பி இருந்தது. அதனுள் இரண்டு மூன்று பூச்சிகள் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடின.

நாகர்கோவிலில் பெரியம்மை கதவைத் திறந்ததும் சித்தி என்னை முன்னால் நிறுத்தினாள். “அக்கா, பிள்ளைக்க முகத்தப் பாருங்க. ஒண்ணும் இல்லல்லா? நேத்து இந்தக் கன்னத்துல பூச்சி நசுங்கிப் போச்சு. நாளைக்குள்ள சிவக்கும். பெறவு பொங்கும். நான் இனி இவளத் தொடல்ல. நீங்களே வச்சுப் பாருங்க.” பிறகு தன் இடது கையை நீட்டினாள். “என் கையையும் பாருங்க. ஒண்ணும் இல்லல்லா?” சித்தி குப்பியைத் திறந்து, ஒரு பூச்சியைத் தன் முன்கையில் விட்டு, பெரியம்மை பார்க்கப் பார்க்க விரலால் நசுக்கி நீளமாகத் தேய்த்தாள். “இதுவும் நாளைக்கு வரும். வாறது வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். உங்க கண்ணுக்கு முன்னால.”

படி ஏறியதும் இருக்கும் சின்ன வராந்தாவில் ஒரு மர நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். பெரியம்மை போ என்றும் சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போனாள். அன்று முழுவதும் சித்தி அங்கேயே இருந்தாள். மத்தியானம் பெரியப்பா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவள் சேலைத் தலைப்பு கையில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறைக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள். மறுநாள் காலையில் என் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சிவந்திருந்தது. வராந்தாவில் அவள் கையிலும் சிவந்திருந்தது. அதற்கு மறுநாள் இரண்டும் ஒன்றுபோலப் பொங்கின.

பெரியம்மை என்னை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். ஒரு கையால் என் முகவாயைத் தூக்கினாள். இன்னொரு கையால் சித்தியின் கையைப் பிடித்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவள் சித்தியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தாள். 

“எரியுதா?” என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

“எரியும் அக்கா. பிள்ளைக்கும் இப்படித்தான் எரியும்.”

பெரியம்மை உள்ளே போய்க் களிம்பு கொண்டுவந்தாள். எனக்குத் தடவிவிட்டாள். சித்திக்குத் தடவவில்லை, ட்யூபை அவளிடம் நீட்டினாள். “சோறு ஆயிரும். தின்னுட்டுப் போ” என்றாள். அவ்வளவுதான். பிறகு எத்தனையோ வருடங்கள் போக்குவரத்து இருந்தது. பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள், அப்பா இறந்தபோது சித்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் தான் நினைத்தது தப்பு என்று ஒரு வார்த்தை பெரியம்மை கடைசிவரை சொல்லவில்லை. சித்தியும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஊர் அந்த வராந்தாவைப் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் முதலில் வந்த செய்தி மட்டும்தான். என் கல்யாணத்தன்று ஒரு வயதான பெண் என் கழுத்தில் நகையைச் சரிசெய்துகொண்டே, “சின்ன வயசுல அவ கையில என்ன பாடு பட்ட பிள்ள” என்று கண்ணைத் துடைத்தாள். அந்த இடத்தில் தழும்பின் சுவடுகூட இல்லை. அது எப்போதோ மறைந்துவிட்டது. நான் எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்ல மனசு உனக்கு” என்றாள். அரங்கின் மறுபக்கத்தில் சித்தி பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். “இன்னொண்ணு வந்தா, உன்னக் கொசு கடிச்சாலும் ஊரு வேற கத பேசும் மக்களே” என்றாள். அது மட்டும்தான் காரணமா, அல்லது அதற்குப் பின்னால் வேறு ஏதும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல் கேட்கவும் மனம் வரவில்லை.

இப்போது சித்தி எங்களோடு தக்கலையில் இருக்கிறாள். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், கணவர் சவுதியில். என் மகளைப் பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டி வந்து வைத்துக்கொள்வது சித்திதான். வீட்டைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்க விடமாட்டாள். மொட்டைமாடித் தொட்டி கசிந்தால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். என் மகள் பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்தைக் கவனித்து வருகிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அவள் குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை. பிள்ளை அழுதால் உடனே ஜன்னலைத் திறந்து வைப்பாள். ஒளிக்க ஒன்றுமில்லை என்று தெருவுக்குக் காட்டுவதுபோல. அவளிடம் இதைப் பற்றிப் பேச நான் இன்னும் ஒரு வழியைக் கண்டுபிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு மழை நாளில் அலுவலகத்துக்கு அவளிடமிருந்து போன் வந்தது. பகலில் அவள் கூப்பிட மாட்டாள். எடுத்ததும் நலம் விசாரிக்காமல் பேசினாள்.

“மக்களே, பிள்ள முற்றத்துல வழுக்கி விழுந்துட்டா. முட்டுல கொஞ்சம் தோலு போயிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. அவ தானாத்தான் விழுந்தா. நான் அடுக்களையில நின்னேன். பக்கத்து வீட்டு அம்மா கண்டாங்க. அவங்க இங்கதான் நிக்காங்க, போனக் குடுக்கட்டா?”

“சித்தி, நான் ஒண்ணும் கேக்கல்லியே” என்றேன்.

“இல்ல மக்களே,” என்றாள் சித்தி. “சொல்லி வச்சேன்.”